காற்றுப் பட்டால் நீலம்

விவியனைட் என்ற கனிமத்தின் சொந்த நிறத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அருங்காட்சியகங்களில் அது அடர்நீலமாகவோ கரும்பச்சையாகவோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கனிமவியல் நூல்களின் வண்ணப் படங்களிலும் அதே நீலம்தான். ஆனால் ஓர் ஏரியின் அடிச்சேற்றில் குழாயை இறக்கி, மண்ணை உருளையாக மேலே எடுத்து, அதை நெடுகப் பிளக்கும் நொடியில் விவியனைட் நீலமாக இருப்பதில்லை. கரிய சேற்றுக்குள் வெள்ளைப் புள்ளிகளாகவும் நிறமற்ற ஊசிகளாகவும் தெரியும். காற்றுப் பட்ட பிறகுதான் ஓரங்களில் வெளிர்நீலம் படரும். விட்டுவைத்தால் நிறம் ஏறிக்கொண்டே போகும். நீலம், கருநீலம், பச்சை கலந்த கருமை என்று போய், வருடக்கணக்கில் வெளிச்சத்திலும் காற்றிலும் கிடந்தால் பழுப்பாகிப் பொடிந்துவிடும். நாம் விவியனைட்டின் நிறம் என்று சொல்வது, அது அழியத் தொடங்கியதன் முதல் அறிகுறி.

வேதியியலில் இது இரும்பின் பாஸ்பேட். மூன்று இரும்பு அணுக்கள், இரண்டு பாஸ்பேட் தொகுதிகள், அவற்றோடு எட்டு நீர் மூலக்கூறுகள். எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, நூற்றுக்கு 12 பங்கு பாஸ்பரஸ், கிட்டத்தட்ட 29 பங்கு தண்ணீர். கல் என்று கையில் எடுப்பதில் கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 1.5 முதல் 2 வரை, அதாவது நகத்தால் கீறினாலே கோடு விழும். அப்பிரகத்தைப்போல மெல்லிய தகடுகளாகப் பிரியும், அந்தத் தகடுகள் உடையாமல் சற்று வளையும். காரணம் அதன் கட்டமைப்பு. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்து அடுக்கடுக்காக நிற்கின்றன, ஓர் அடுக்கையும் அடுத்த அடுக்கையும் பிடித்து வைத்திருப்பவை நீர் மூலக்கூறுகளின் பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டுமே.

1817இல் ஜெர்மன் கனிமவியலாளர் ஆபிரகாம் வெர்னர் இதற்குப் பெயர் வைத்தார். அவர் இறந்த ஆண்டும் அதுதான். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கம் ஒன்றில் இந்தப் படிகங்களைக் கண்டெடுத்த சுரங்க முதலாளி ஜான் ஹென்றி விவியன் பெயரால் அது வழங்கலாயிற்று. மிகப்பெரிய படிகங்கள் ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டின் அன்லூவா களிமண்ணில் கிடைத்தன. அவற்றில் சில ஒரு மீட்டர் நீளத்தையும் தாண்டியவை. பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் கிடைப்பவை அளவில் சிறியவை, அழகில் முந்தியவை. நமக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் முழுவதும் ஏரியாக இருந்த காத்மாண்டு பள்ளத்தாக்கின் கறுப்புக் களிமண்ணிலும் விவியனைட் இருக்கிறது. இப்படி இடங்களை எண்ணிச் சொல்ல முடிவதால் இதை அபூர்வக் கனிமம் என்கிறோம். கையில் பிடிக்கும் படிகத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் இந்த அபூர்வத்துக்குக் கனிமம் மட்டும் காரணம் இல்லை. காற்றில் நின்றுகொண்டு தேடும் நாமும் காரணம். அது எப்படி என்று காண, திண்டுக்கல் சமவெளிக்கு வருவோம்.

சிறுமலைக்கும் பழனி மலைத் தொடருக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சமவெளியின் பெரும்பகுதி செம்மண். மலையில் உள்ள பாறைகளில் இரும்பு இருக்கிறது, மிகக் கொஞ்சமாக பாஸ்பரஸும் இருக்கிறது. பாஸ்பரஸ் இருப்பது அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமத்தில். மழையும் வெயிலும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையைச் சிதைக்கும்போது இரண்டும் விடுபடுகின்றன. இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாகி மண்ணுக்குச் சிவப்பைக் கொடுக்கிறது. அபடைட்டிலிருந்து வெளிவந்த பாஸ்பேட்டை அந்தத் துரு விடுவதில்லை. துருத் துகளின் மேற்பரப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது, போகப்போக உள்ளேயும் இறங்குகிறது. பயிரின் வேர் அதை எட்டிப் பிடிக்க முடியாது.

சின்ன வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் அடியுரமாக டி.ஏ.பி. போடும் விவசாயிக்கு இதன் விலை தெரியும், காரணம் தெரியாமல் இருக்கலாம். 50 கிலோ மூட்டையில் தனிமமாகக் கணக்கிட்டால் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. போட்ட பருவத்தில் பயிர் எடுத்துக்கொள்வது அதில் பொதுவாக 15 முதல் 20 சதவீதம். அதாவது மூட்டைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. மீதியைச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், கரிசலில் சுண்ணாம்பும் பிடித்துக்கொள்கின்றன. வேளாண் விரிவாக்க மையங்களில் பாஸ்போபாக்டீரியா பாக்கெட் தருவது இதற்காகத்தான். அந்தப் பாக்டீரியாக்கள் கரிம அமிலங்களைச் சுரந்து, பிடிபட்ட பாஸ்பேட்டில் கொஞ்சத்தைக் கரைத்து விடுவிக்கின்றன. மணிச்சத்து பற்றாக்குறை என்று மண் பரிசோதனை அட்டையில் எழுதி வரும் பல நிலங்களில் பாஸ்பரஸ் இல்லாமல் இல்லை. இரும்பு கொடுக்க மறுக்கிறது.

இந்தப் பிடி எப்போது தளரும்? ஆக்சிஜன் இல்லாமல் போகும்போது.

இரும்புக்கு இரண்டு நிலைகள் உண்டு. மூன்று எலக்ட்ரான்களை இழந்து நிற்பது ஃபெரிக் இரும்பு. துரு அதுதான், தண்ணீரில் கரையாது. இரண்டு மட்டும் இழந்து நிற்பது ஃபெரஸ் இரும்பு. இது கரையும். நிலம் நீரில் மூழ்கியதும் மண்ணுக்குள் காற்று போகும் வழிகள் அடைபடுகின்றன. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைச் சில நாட்களில் தீர்த்துவிடுகின்றன. பிறகு மூச்சுக்கு வேறு வழி தேட வேண்டும். ஜியோபாக்டர், ஷெவனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் துருவையே சுவாசிக்கின்றன. நாம் ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து வாழ்வதுபோல அவை ஃபெரிக் இரும்புக்கு எலக்ட்ரானைக் கொடுத்து வாழ்கின்றன. எலக்ட்ரானைப் பெற்ற இரும்பு ஃபெரஸ் ஆகிறது, கரைகிறது, தன்னோடு ஒட்டியிருந்த பாஸ்பேட்டையும் மண்நீரில் விட்டுவிடுகிறது.

இதைத் தெளிவாக விளக்கியவர்களில் முதன்மையானவர் இலங்கையில் பிறந்த பீலிக்ஸ் பொன்னம்பெரும. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் மண் வேதியியலாளராக இருந்தவர். நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியல் பற்றி 1972இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் அந்தத் துறையின் அடித்தளம். புஞ்சையில் மணிச்சத்து இல்லாமல் தவிக்கும் அதே மண், நெல்லுக்காக நீர் கட்டியதும் பாஸ்பேட்டை விடுவிப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை இந்த ஃபெரிக், ஃபெரஸ் மாற்றத்தில் இருக்கிறது.

இப்போது கண்மாய்க்குப் போகலாம். வடகிழக்குப் பருவமழையில் காடுகளில் ஓடி வரும் செந்நீர், துருவையும் அதில் ஒட்டிய பாஸ்பேட்டையும் சுமந்து கண்மாய்க்குள் இறங்கித் தெளிகிறது. அடியில் படியும் சேற்றில் இலைச்சருகும் பாசியும் மாட்டுச் சாணமும் மக்குகின்றன. மாதக்கணக்கில் நீர் நிற்கும் ஆழமான இடங்களில் சேற்றுக்குள் ஆக்சிஜன் அறவே இல்லை. வயலில் நடந்ததே இங்கும் நடக்கிறது, இரும்பு கரைகிறது, பாஸ்பேட் விடுபடுகிறது. ஆனால் இரண்டும் போக இடமின்றி சேற்றின் நுண்துளைகளுக்குள் சேர்ந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரண்டும் மீண்டும் கைகோக்கின்றன. துருவாக இல்லை, படிகமாக. அந்தப் படிகம்தான் விவியனைட். அமிலமும் இல்லாமல் கடும் காரமும் இல்லாமல் நடுநிலையை ஒட்டிய நன்னீரில், கரைந்த இரும்பும் பாஸ்பேட்டும் போதிய அளவு இருந்து, காற்றும் கந்தகமும் இல்லாவிட்டால் அது உருவாகும்.

கோடையில் வற்றிய கண்மாயில் வண்டல் வெட்டும் இடத்தில் நின்று மண்ணின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலே பாளம் பாளமாக வெடித்த பழுப்பு மண். அதற்குக் கீழே ஈரம் காயாத சாம்பல் நீலக் களி, முட்டை அழுகிய மணம். அந்தக் களிக்குள் கோரைப்புல்லின் வேர் போன வழியெல்லாம் செம்மஞ்சள் குழல்கள். நீர்த்தாவரங்கள் இலையிலிருந்து வேருக்கு ஆக்சிஜனை இறக்குகின்றன. வேரிலிருந்து கசியும் அந்த ஆக்சிஜன் பட்ட இடத்தில் மட்டும் ஃபெரஸ் இரும்பு துருவாகி உறைந்துவிட்டது. ஒரு கையகலக் களித் துண்டில், காற்று இருந்த இரும்பும் காற்று இல்லாத இரும்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். இந்தச் சாம்பல் நீலம் முழுவதும் விவியனைட் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபெரஸ் இரும்பு கலந்த வேறு கனிமங்களும் அந்த நிறத்தைத் தரும். விவியனைட்டுக்குத் தனி அடையாளம் உண்டு. வெட்டியதும் வெண்மையாக இருந்த ஒரு புள்ளி மட்டும், சுற்றியிருக்கும் களி பழுப்பாக மாறும் வேளையில் பளிச்சென்ற நீலத்துக்குப் போகும்.

இங்கேதான் அபூர்வம் பற்றிய என் வாதம் வருகிறது. சேற்று மாதிரியை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று, தட்டில் பரப்பி, அடுப்பில் உலர்த்தி, அரைத்துத்தான் வழக்கமாக ஆராய்கிறார்கள். விவியனைட்டைப் பொறுத்தவரை அந்த முறையின் ஒவ்வொரு படியும் அதை அழிக்கும் படி. போதாததற்கு, சேற்றின் மொத்த எடையில் அதன் பங்கு மிகச் சிறியது என்பதால் எக்ஸ்ரே ஆய்விலும் மற்ற கனிமங்களின் கூட்டத்தில் அது மறைந்துபோகும். கடந்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பிய ஏரி ஆய்வாளர்கள் நைட்ரஜன் வாயுவுக்குள் மாதிரியைக் கையாண்டு, கனத்த துகள்களைத் தனியே பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு, பல ஏரிகளின் அடியில் புதையும் பாஸ்பரஸில் கணிசமான பங்கு விவியனைட்டாக இருப்பது தெரிந்தது. காற்றுள்ள நம் உலகத்தில் அது அபூர்வம். காற்றில்லாத சேற்றில் அது சாதாரணம்.

நீலம் எப்படி வருகிறது என்பது தனியாகச் சொல்ல வேண்டிய கதை. விவியனைட்டில் இரும்பு அணுக்கள் இரண்டு விதமாக உட்கார்ந்திருக்கின்றன, சில தனியாக, சில ஜோடி ஜோடியாக. எல்லாம் ஃபெரஸ் நிலையில் இருக்கும்வரை படிகத்துக்கு நிறம் இல்லை. ஒரு ஜோடியில் ஓர் அணு மட்டும் இன்னோர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் ஆகிவிட்டால், பக்கத்து அணுவின் எலக்ட்ரான் இந்தக் காலி இடத்துக்குத் தாவ முடியும். தாவுவதற்கு வேண்டிய ஆற்றலை ஒளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அது விழுங்குவது சிவப்பையும் ஆரஞ்சையும், மிஞ்சுவது நம் கண்ணுக்கு நீலம். நீலக்கல்லின் நிறமும் இதே வகை எலக்ட்ரான் தாவலால் வருவதுதான், அங்கே இரும்புக்கும் டைட்டானியத்துக்கும் நடுவே. ஜோடிகள் படிகத்தில் ஒரே திசையில் அமைந்திருப்பதால், விவியனைட்டை ஒரு பக்கமாகப் பிடித்துப் பார்த்தால் ஆழ்ந்த நீலமும், திருப்பிப் பிடித்தால் வெளிர் மஞ்சள் பச்சையும் தெரியும்.

இதற்கு வெளியிலிருந்து ஆக்சிஜன்கூடக் கட்டாயம் இல்லை. வெளிச்சமே போதும். இரும்பு ஓர் எலக்ட்ரானை இழக்கும்போது, அதை ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறு ஒரு புரோட்டானை விட்டுவிட்டு மின்னேற்றத்தைச் சரிக்கட்டிவிடுகிறது. படிகத்துக்குள் அத்தனை தண்ணீர் இருப்பதால் அது கொஞ்ச காலம் உருக்குலையாமலே மாற முடிகிறது. நல்ல படிகங்களைச் சேகரிப்பவர்கள் இருட்டுப் பெட்டிக்குள் வைப்பது இதனால்தான்.

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களில் சிலர் சதுப்பு நிலத்திலிருந்து கிடைத்த இந்த நீலப்பொடியை எண்ணெயில் குழைத்துத் தீட்டினார்கள். ஆல்பர்ட் கைப் தீட்டிய படங்களில் இது இருக்கிறது. வெர்மீர் 1656இல் வரைந்த ஓர் ஓவியத்தில் கம்பளத்தின் நீலத்திலும் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதைப் புகெபோடோ என்று அழைத்து நீலச் சாயமாகப் பயன்படுத்தினார்கள்.

எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட். ஆகவே இரும்புச்சத்துள்ள நீரில், காற்றுப் புகாமல் புதைந்த எலும்பின் மேல் விவியனைட் வளரும். 1991இல் ஆல்ப்ஸ் பனியிலிருந்து மீட்ட, 5,300 ஆண்டுகள் பழைய ஏட்சி மனிதனின் தோலில் அது இருந்தது. சுவிட்சர்லாந்தின் பிரியென்ஸ் ஏரியில் 1996இல் ஓர் உடல் மிதந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஏரியில் மூழ்கியவரின் உடல் அது, பல இடங்களில் நீலம் பூத்திருந்தது. வியட்நாம் போரில் விழுந்த விமானங்களின் இடிபாட்டிலிருந்து மீட்ட எலும்புகளிலும் இதே நீலம் காணப்பட்டது. அங்கே இரும்பைக் கொடுத்தது நொறுங்கிய விமானம். தடயவியலாளர்களுக்கு இது பயனுள்ள சான்று. உடல் ஈரத்திலும் காற்றில்லாமலும் நெடுங்காலம் கிடந்தது என்பதை அந்த நீலம் சொல்லிவிடுகிறது.

இதைவிடத் தொலைவான ஒரு சான்றும் உண்டு. 2024 ஜூலையில் செவ்வாய்க் கோளின் ஜெசெரோ பள்ளத்தில், பழைய ஆற்றுப் படுகை ஒன்றில், பெர்சிவியரன்ஸ் ஊர்தி ஒரு சேற்றுப்பாறையைப் பார்த்தது. பாறை முழுவதும் சிறுத்தைத் தோல் போன்ற புள்ளிகள். அளந்து பார்த்ததில், புள்ளிகளின் விளிம்பில் விவியனைட்டுக்குரிய இரும்பும் பாஸ்பேட்டும், நடுவில் கிரைகைட் என்ற இரும்புச் சல்பைடுக்குரிய சேர்மமும் தென்பட்டன. 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வெளியானது. பூமியில் இந்த இரட்டையைச் சேற்றில் உருவாக்குபவை பெரும்பாலும் இரும்பையும் கந்தகத்தையும் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள். செவ்வாயிலும் அப்படியா என்று அந்தப் பாறையைப் பூமிக்குக் கொண்டுவராமல் உறுதி செய்ய முடியாது. உயிர் இல்லாமலும் இது நடக்க வழி உண்டு என்பதால் ஆய்வாளர்கள் வார்த்தையை அளந்தே பேசினார்கள். அது சரியான அணுகுமுறை என்றே நினைக்கிறேன்.

அந்தப் பாறையில் கந்தகமும் இரும்பும் ஒன்றாக இருந்தது கவனிக்க வேண்டியது, ஏனென்றால் விவியனைட்டின் பெரிய எதிரி கந்தகம்தான். காற்றில்லாத நீரில் சல்பேட் இருந்தால் வேறு வகை பாக்டீரியாக்கள் அதைச் சல்பைடாக்கும். சல்பைடு இரும்பைப் பிடித்துக்கொண்டு கறுப்பான இரும்புச் சல்பைடாக உறைந்துவிடும். தனித்து விடப்பட்ட பாஸ்பேட் நீருக்குத் திரும்பிப் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கும். கடலடிச் சேற்றில் விவியனைட் குறைவாக இருப்பதற்குக் கடல்நீரின் சல்பேட் முக்கியக் காரணம். திண்டுக்கல்லில் இது வெறும் பாடநூல் செய்தி இல்லை. தோல் பதனிடும் ஆலைகளில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அடுத்தடுத்த கட்டங்களில் சல்பேட் உப்புகள் வருகின்றன, பதனிட குரோமியம் வருகிறது. ஆலைக் கழிவால் கிணறுகளும் நிலமும் கெட்டது பல பத்தாண்டுத் துயரம். 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அன்று திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்ற பெயரில் இருந்த இம்மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நீர்நிலையில் கந்தகம் கூடினால், பாஸ்பரஸை அடியில் பிடித்து வைக்கும் இயற்கையின் ஏற்பாடும் சேர்ந்து குலைந்துபோகும் என்பது அந்த வழக்கின் வாதங்களைத் தாண்டியும் நாம் பார்க்க வேண்டிய சேதம்.

காற்றைக் கண்டு சிதையும் விவியனைட்டுக்கு நேர்மாறாக, காற்றிலேயே நிலைத்து நிற்கும் இரும்புப் பாஸ்பேட்டுகளும் உண்டு. அவற்றில் மிக விந்தையானது டெல்லி இரும்புத் தூணின் மேல் இருக்கிறது. குப்தர் காலத்தில் வார்க்கப்படாமல் அடித்தே செய்யப்பட்ட, ஏழு மீட்டருக்கு மேல் உயரமும் ஆறு டன்னுக்கு மேல் எடையும் உள்ள அந்தத் தூண், 1,600 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நின்றும் துருப்பிடித்து அழியவில்லை. கான்பூர் ஐஐடியில் உலோகவியல் பேராசிரியராக இருந்து 2009இல் மறைந்த ஆர். பாலசுப்பிரமணியம் காரணத்தைக் கண்டு சொன்னார். இன்றைய எஃகில் பாஸ்பரஸை வேண்டாத அழுக்கென்று சுண்ணாம்புக்கல் போட்டு நீக்குகிறோம். அந்தக் காலத்துக் கொல்லர்களின் உலையில் சுண்ணாம்பு இல்லை. ஆகவே தூணின் இரும்பில் சுமார் 0.25 சதவீத பாஸ்பரஸ் தங்கிவிட்டது. நனைந்தும் காய்ந்தும் பருவங்கள் மாறிமாறி வந்ததில், அந்தப் பாஸ்பரஸ் உலோகத்துக்கும் துருவுக்கும் நடுவே சேர்ந்து, இரும்பு ஹைட்ரஜன் பாஸ்பேட் ஹைட்ரேட் என்ற படிகப் படலமாக உறைந்தது. ஈரமும் காற்றும் மேற்கொண்டு உள்ளே போக அது விடவில்லை.

திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளின் ஊர். 2019இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரும்புத் தகட்டை வெட்டி வளைத்து அராவும் தொழிலாளிக்குத் துருதான் தீராத தொல்லை. பெரிய தொழிற்சாலைகள் வண்ணம் பூசும் முன் இரும்பைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் முக்கி எடுக்கின்றன. மேற்பரப்பில் பாஸ்பேட் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது, வண்ணத்தையும் பிடித்து நிறுத்துகிறது. தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் 1906இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். டெல்லித் தூண் நூற்றாண்டுகளில் தானாகச் செய்துகொண்டதை இந்த முறை நிமிடங்களில் செய்கிறது.

இந்தக் குடும்பத்தில் இன்னொருவரையும் சொல்லிவிட வேண்டும். டிரிஃபிலைட் என்பது லித்தியமும் இரும்பும் சேர்ந்த பாஸ்பேட், 1834இல் பவேரியாவில் அடையாளம் காணப்பட்டது. பாறைக்குள் இருக்கும் டிரிஃபிலைட் சிதையும்போது விவியனைட் உண்டாவதும் உண்டு. அதே சேர்மத்தைச் செயற்கையாகச் செய்து மின்கலத்தில் வைக்கலாம் என்று 1997இல் ஜான் குடினஃபின் ஆய்வுக்குழு காட்டியது. இன்று நம் ஊர் மின்சார ஆட்டோக்கள் பலவற்றில் ஓடும் எல்எஃப்பி மின்கலம் அதுதான். பாஸ்பேட் போன்ற தொகுதிகளோடு சேர்ந்த இரும்பைக் கொண்டு மின்கலம் செய்யும் பாதையை அதற்கு முன்பே குடினஃபுடன் சேர்ந்து திறந்தவர், மதுரையில் படித்து சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019இல் குடினஃபின் நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் அவருக்காக நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

விவியனைட்டை உண்டாக்கவும் முடியும், அதற்குக் கண்மாயின் அடிக்குப் போக வேண்டியதில்லை. இலை வெளிறினால் தெளிக்க உரக்கடையில் வாங்கும் அன்னபேதி உப்பு ஃபெரஸ் சல்பேட்தான். அதைத் தனியாகவும் டி.ஏ.பி.யைத் தனியாகவும் தண்ணீரில் கரைத்து, இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் வெண்பச்சையாகத் திரிந்து கீழே படியும். அப்படியே திறந்து வைத்தால் மெல்ல நீலம் ஏறும். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இப்படித் தயாரித்த விவியனைட் குழம்பைச் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிற்கும் ஆலிவ் மரங்களின் வேரடியில் செலுத்தினார்கள். சுண்ணாம்பு மண்ணில் அன்னபேதியை நேராகப் போட்டால் விரைவில் பயனற்றுப் போகும். விவியனைட்டாகப் போட்டது மெதுவாக ஆக்சிஜனேற்றம் அடைந்து, வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய நுண்ணிய இரும்பு ஆக்சைடாக மாறியது. மரங்களின் இலை வெளிறல் பல பருவங்களுக்குக் குறைந்தது. நம் சுண்ணாம்பு நிலங்களிலும் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது.

2017இல் நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்து மீண்டும் தொடங்கியபோது, கண்மாய் வண்டலைக் கட்டணமின்றி வயலுக்கு எடுத்துச் செல்ல அரசு அனுமதி கொடுத்தது. கரம்பை என்ற இந்த வண்டலை அடித்த காடு விளையும் என்பது பழைய அனுபவம். அதன் பலன் பெரும்பாலும் களியாலும் மக்காலும் வருகிறது. வண்டலில் இருக்கும் ஃபெரஸ் இரும்பு வயலில் காற்றுப் பட்டதும் துருவாகி, தன் பாஸ்பேட்டை மீண்டும் இறுக்கிக்கொள்ளும். ஆகவே கரம்பையை மணிச்சத்து உரமாக எண்ணிக்கொள்ள முடியாது.

மணிச்சத்துக்கு வேறோர் இடத்தில் தேட வேண்டும். இந்தியாவுக்கு வேண்டிய பாறைப் பாஸ்பேட்டில் பெரும்பகுதி மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. ராஜஸ்தானின் உதய்ப்பூர் பக்கம் நல்ல தரத்தில் கொஞ்சம் உண்டு. நம் ஊரில் திருச்சிக்கு அருகே ஊட்டத்தூர்ப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாஸ்பேட் உருண்டைகளைக் கண்டார்கள், ஆனால் உரத் தொழிலை நடத்தும் அளவுக்குத் தரம் போதவில்லை. இதற்கிடையே நாம் தின்ற பாஸ்பரஸ் முழுவதும் சாக்கடையில் போகிறது. நெதர்லாந்தின் கழிவுநீர் நிலையங்களில் பாஸ்பேட்டைப் பிடிக்க இரும்பு உப்பு சேர்க்கிறார்கள். பிறகு கசடைக் காற்றில்லாத கலனில் செரிக்க விடுகிறார்கள். கண்மாயின் அடியில் மாதக்கணக்கில் நடப்பது அந்தக் கலனில் சில வாரங்களில் நடக்கிறது. இரும்பை நிறையச் சேர்த்த நிலையங்களில் கசடில் உள்ள பாஸ்பரஸின் பெரும்பங்கு விவியனைட்டாக மாறியிருந்தது. விவியனைட்டைக் காந்தம் லேசாக இழுக்கும். அதை வைத்து, தாதுவைப் பிரிக்கச் சுரங்கங்களில் பயன்படும் வலுவான காந்தக் கருவியால் கசடிலிருந்து அதைத் தனியே எடுக்கிறார்கள். எடுத்ததைக் காரக் கரைசலில் இட்டால் பாஸ்பேட் கரைந்து உரத்துக்குப் போகிறது, இரும்பு தனியே நின்றுவிடுகிறது.

2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரத்தின் மக்கள்தொகை 2,07,327. ஒருவரின் உடலிலிருந்து நாள்தோறும் வெளியேறும் பாஸ்பரஸ் சராசரியாக ஒரு கிராமுக்குக் குறையாது. நகரத்துக்குச் சேர்த்தால் தினமும் 200 கிலோ, அதாவது 20 மூட்டை டி.ஏ.பி.யில் இருக்கும் பாஸ்பரஸ். அதை மீட்க வேண்டுமானால் பாதாளச் சாக்கடையில் தோல் ஆலைக் கழிவின் குரோமியமும் சல்பைடும் கலக்காமல் காக்க வேண்டும். கசடைத் திறந்த வெளியில் காயப்போடாமல் மூடிய கலனில் செரிக்க விட வேண்டும். இரும்பு உப்பு விலை மலிந்த பொருள், எஃகு ஆலைகளின் அமிலக் கழிவிலிருந்தே கிடைக்கிறது.